புழுப்பாம்பின் வரலாறு

அரசர்களுக்கு வரலாறு உண்டு. பேரரசுகளுக்கு வரலாறு உண்டு. கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு உண்டு. நம் காலடி மண்ணில் நெளிந்து திரியும் ஒரு சிற்றுயிருக்கும் வரலாறு உண்டு என்றால், மாணவ நண்பர்களே, நீங்கள் வியப்படையக் கூடும். இன்று நான் சொல்ல முற்படுவது அத்தகைய ஓர் உயிரின் வரலாறே. அதன் நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. பருமனோ பாவாடை நாடாவின் அளவு. அதற்குப் பார்வை இல்லை, நஞ்சு இல்லை, சீறும் ஆற்றலும் இல்லை. எனினும் உலகிலுள்ள பாம்பினங்களுள் மிகப் பரந்த நிலப்பரப்பில் வாழ்வது எது என்று கேட்டால், நல்ல பாம்பு என்றோ மலைப்பாம்பு என்றோ விடை கூற இயலாது. இந்தச் சின்னஞ்சிறு புழுப்பாம்பே அந்தப் பெருமைக்கு உரியது.

இதன் வரலாற்றைத் தொடங்குமுன், நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்பொழுது பத்து வயது இருக்கும். ஐப்பசி மாதத்து அடைமழை ஓய்ந்திருந்த ஒரு காலை வேளை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துவைக்கும் கல்லின்மேல், கரிய நூல் ஒன்று நெளிந்து கொண்டிருந்தது. மண்புழு என்றெண்ணிக் குனிந்து கையை நீட்டினேன். திண்ணையிலிருந்து பாட்டி கூவினாள்: "தொடாதே அப்பா! அது செவிப்பாம்பு. தூங்கும்போது காதுக்குள் புகுந்து மூளையைத் தின்றுவிடும்." பாட்டியின் குரலிலிருந்த அச்சம் என்னையும் பற்றிக் கொண்டது. பக்கத்தில் கிடந்த கருங்கல்லை எடுத்து அதன்மேல் போட்டேன். அன்றிரவு இரண்டு காதுகளிலும் பஞ்சை அடைத்துக் கொண்டு உறங்கினேன். என்ன செய்தேன் என்பதை உணர்ந்து கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

செவிப்பாம்பு, புழுப்பாம்பு, குருட்டுப் பாம்பு என்றெல்லாம் நம் மக்கள் இதனை அழைப்பர். மழைக் காலத்தில் வளைகளில் நீர் புகும்பொழுது, இது மேலே வந்து முற்றத்திலும் குளியலறையிலும் தென்படும். மற்றக் காலங்களில் ஈர மண்ணிலும், உலர்ந்த சருகின் அடியிலும், மட்கிய மரத்தின் கீழும், பூந்தொட்டிகளிலும் மறைந்து வாழும். மண்புழுவுக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது எளிது. மண்புழுவின் உடல் வளையம் வளையமாக இருக்கும். அது நீண்டும் சுருங்கியும் நகரும். புழுப்பாம்போ உடலைப் பக்கவாட்டில் வளைத்து வளைத்து விரைந்தோடும். அதன் உடல் முழுவதும் வழவழப்பான செதில்கள் எண்ணெய் பூசினாற்போல் மின்னும். சற்றுப் பொறுமையாக நோக்கினால், நுண்ணிய பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து வந்து மறைவதையும் காணலாம்.

அதன் கண்கள் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாக மங்கித் தெரியும். அவற்றால் உருவங்களைக் காண இயலாது; ஒளியையும் இருளையும் பிரித்தறிய மட்டுமே அவை பயன்படும். மற்றப் பாம்புகளுக்கு வயிற்றுப் பக்கத்தில் அகன்ற செதில்கள் வரிசையாக அமைந்திருக்கும். இதற்கு அவை இல்லை. முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவான செதில்களே உள்ளன. உடலைச் சுற்றி எண்ணினால், தலைப்பக்கம் முதல் வால்பக்கம் வரை இருபது வரிசைகள் இருக்கும். தலையும் மழுங்கியது; வாலும் மழுங்கியது. வாலின் நுனியில் சிறு முள் ஒன்று உண்டு. மண்ணைத் துளைத்துச் செல்லும்போது அதனை ஊன்றிக் கொண்டு உடலை முன்னே தள்ளும். கையில் எடுத்தால் அந்த முள் இலேசாக உறுத்தும். அதனைக் கடி என்றும் கொடுக்கு என்றும் கருதி அஞ்சுவோர் பலர். உண்மையில் மனிதரைக் கடிப்பதற்கு வேண்டிய வாயே அதற்கு இல்லை.

இனி, இந்த உயிர் ஏட்டில் ஏறிய கதைக்கு வருவோம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் குடியேற்றத்தில் ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் உயிரின வகைப்பாட்டு நூலின் தந்தை எனப் போற்றப்படும் லின்னேயஸின் மாணாக்கர். 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த அவர், பின்னர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூல் அறிஞராகவும் பணியாற்றினார். 1785-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் வகித்த இடத்திற்குக் கம்பெனியார் தேர்ந்தெடுத்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். நம் நாட்டுக் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல் விரியன் என்று பெயர் வழங்கக் காரணமானவர் இவரே.

ரஸ்ஸல் இந்தியாவுக்கு வரும்போது இளைஞர் அல்லர். சிரியா நாட்டு அலெப்போ நகரில் பல்லாண்டு மருத்துவம் செய்து, அங்குப் பரவிய கொள்ளை நோயைக் கண்ணாரக் கண்டவர். தம் தம்பி கிளாட் என்பவர் கம்பெனி அலுவலில் விசாகப்பட்டினத்திற்கு வந்தபோது, அவருக்குத் துணையாக இவரும் உடன் வந்தார். விசாகப்பட்டினம் அந்நாளில் சென்னை ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே அவரது உள்ளத்தைக் கவர்ந்தவை இரண்டு: ஒன்று, சோழமண்டலக் கடற்கரையின் மரஞ்செடிகள், மற்றொன்று, அந்நாட்டுப் பாம்புகள்.

பாம்புகளை அவர் ஆராய்ந்தது வெறும் வேடிக்கைக்காக அன்று. ஆண்டுதோறும் பாம்புக்கடியால் மக்கள் மாண்டு கொண்டிருந்தனர். எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்பதை எளிதில் அறிய ஒரு வழி கிடைக்குமா என்பதே அவருடைய வினா. அதற்காகக் கிடைத்த பாம்புகளையெல்லாம் சேகரித்தார்; செதில்களை எண்ணினார்; பற்களை ஆராய்ந்தார்; நஞ்சின் ஆற்றலைக் கோழிகளிலும் நாய்களிலும் சோதித்தார். தஞ்சாவூர் மாத்திரை என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த பாம்புக்கடி மருந்தையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. பாடாணம் சேர்ந்த மருந்து அது. கொல்லும் பாம்பைத் தேடிச் சென்ற அவருடைய கைக்குக் கொல்லாப் பாம்புகளும் வந்து சேர்ந்தன. அவற்றையும் ஒதுக்காமல் எழுதி வைத்தார் என்பதில்தான் அந்த அறிஞரின் பெருமை இருக்கிறது.

1789-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1796-ஆம் ஆண்டில், சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வண்ணப் படங்களுடன் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலின் 43ஆம் படமே நம் புழுப்பாம்பு. அதற்கு அவர் எழுதிய பெயர், விசாகப்பட்டினத்து மக்கள் தெலுங்கில் சொன்ன பெயர்: "ரொண்டு தலூலு பாம்". இரண்டு தலைப் பாம்பு என்பதே அதன் பொருள். அயல்நாட்டார் ஒருவர் காதால் கேட்டுத் தம் எழுத்தில் எழுதியதால், ஒலி சற்றே சிதைந்துள்ளது. ஆயினும் அது உயிருள்ள மக்கள் வாய்ச்சொல் என்பதில் ஐயமில்லை. தலையும் வாலும் ஒன்றுபோல் தோன்றும் பாம்பை இரண்டு தலையுடையது என்று சொல்வது எவ்வளவு இயல்பு! நம் நாட்டிலும் மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று சொல்கிறோம் அல்லவா?

நண்பர்களே, இங்கே ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். அந்தப் பாம்பை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து வந்தவர் யார்? தோட்டக்காரரா, பாம்பாட்டியா, விளையாடிக் கொண்டிருந்த சிறுவனா? அவருடைய பெயர் இந்த உயிரின் பெயரில் இடம்பெறவில்லை. அறிவியல் வரலாற்றின் முதற்பக்கங்களை நம் நாட்டுப் பாமர மக்களின் கைகளும் சேர்ந்தே எழுதியிருக்கின்றன. ரஸ்ஸல் அவர்களுடைய சொல்லையேனும் காத்து வைத்தார். அதற்காக நாம் அவருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

அடுத்த காட்சி பாரிஸ் நகரில். 1793-ஆம் ஆண்டு முதல் பிரான்சும் பிரிட்டனும் போரில் ஈடுபட்டிருந்தன. 1802-இல் ஏற்பட்ட அமைதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1803 மே மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. அதே காலத்தில் பாரிஸில், பிரான்சுவா மரீ தொதேன் என்னும் இளைஞர் ஊர்வனவற்றைப் பற்றி எட்டுத் தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை எழுதிக் கொண்டிருந்தார். சிறுவயதில் வந்த நோயால் அவருடைய கால்கள் செயலிழந்திருந்தன. காட்டுக்கும் கடற்கரைக்கும் சென்று உயிர்களைத் தேட அவரால் இயலாது. நூல்களும் காட்சிச்சாலைச் சேகரிப்புகளுமே அவருக்குக் காடாகவும் கடலாகவும் அமைந்தன. அவருடைய மனைவி அதேல் நூலுக்கு வேண்டிய படங்களை வரைந்து கொடுத்தார்.

அந்த இளைஞரின் மேசைமீது பகை நாட்டு நூலான ரஸ்ஸலின் நூல் விரிந்து கிடந்தது. 43ஆம் படத்தைக் கண்டார். இந்தியாவை அவர் பார்த்ததில்லை. அந்தப் பாம்பையும் பார்த்ததில்லை. படத்தையே சான்றாகக் கொண்டு, 1803-ஆம் ஆண்டில் அதற்கு "எரிக்ஸ் பிராமினஸ்" என்று அறிவியற் பெயர் சூட்டினார். எரிக்ஸ் என்பது மண்ணுளிப் பாம்புகளுக்கென்று அவரே அந்த ஆண்டு வகுத்த இனப் பெயர். தலையும் வாலும் ஒத்திருக்கும் தோற்றம் அவரையும் மயக்கிவிட்டது போலும்! மண்ணுளிப் பாம்பு வேறு, புழுப்பாம்பு வேறு. ஆகவே பின்வந்தோர் இனப் பெயரை மாற்றினர். கிரேக்க மொழியில் குருடு என்னும் பொருளுடைய "டைப்ளாப்ஸ்" என்ற இனத்தில் இதனை நெடுங்காலம் வைத்திருந்தனர். அதன்பின்னும் சில முறை பெயர் மாறிற்று. 2014-ஆம் ஆண்டில், ஆசியக் குருட்டுப் பாம்புகளுக்கென "இண்டோடைப்ளாப்ஸ்" என்னும் இனப் பெயர் உண்டாக்கப்பட்டு, இதுவும் அதனுள் சேர்க்கப்பட்டது. இனப் பெயர் எத்தனை முறை மாறினும், தொதேன் சூட்டிய "பிராமினஸ்" என்னும் பெயர் இரண்டு நூற்றாண்டுகளாக மாறாமல் நிற்கிறது.

தொதேனின் நூல்கள் நன்கு விற்பனையாகவில்லை. கணவனும் மனைவியும் வறுமையில் வாடினர். அதேல் எலும்புருக்கி நோயால் மாண்டார். 1803-ஆம் ஆண்டின் இறுதியில், தம் இருபத்தேழாம் வயதில் தொதேனும் மறைந்தார். நடக்க இயலாத ஒருவர் பெயரிட்ட அந்தக் கண்ணில்லாப் பாம்பு, அவர் கனவிலும் காணாத நாடுகளுக்கெல்லாம் பயணம் செய்தது. அதுவே நம் வரலாற்றின் அடுத்த பகுதி.

கடலோடிகள் செடி கொடிகளைத் தொட்டியோடும் வேர் மண்ணோடும் கப்பலேற்றிச் சென்ற காலம் அது. கரும்பும் வாழையும் பழமரக் கன்றுகளும் அழகுச் செடிகளும் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் சென்றன. வேர்களைச் சுற்றியிருந்த மண்ணுக்குள்ளே எறும்பும் கறையானும் இருந்தன. அவற்றைத் தின்று வாழும் புழுப்பாம்பும் இருந்தது. இந்தப் பயணிக்குப் பயணச் சீட்டு இல்லை. கப்பற் பதிவேட்டில் பெயரும் இல்லை. இறங்கிய இடத்தில் மண் ஈரமாக இருந்தால் போதும், அதுவே அதற்கு ஊராகிவிடும். இவ்வாறு ஆப்பிரிக்கக் கரைகளிலும், மடகாஸ்கரிலும், மொரீசியஸ், செஷல்ஸ் முதலிய இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும், பசிபிக் தீவுகளிலும், மெக்சிகோவிலும் அது குடியேறிற்று. ஆங்கிலேயர் இதற்குப் பூந்தொட்டிப் பாம்பு என்றே ஒரு பெயர் வைத்துள்ளனர்.

ஹவாய்த் தீவுகளின் செய்தி சுவையானது. அங்குப் பாம்புகளைக் கொண்டு வருவதையும் வளர்ப்பதையும் சட்டம் கடுமையாகத் தடுக்கிறது. அத்தகைய நாட்டில் 1930-ஆம் ஆண்டிலேயே இந்தப் புழுப்பாம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த செடிகளின் மண்ணில் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்று கருதினர். இன்று அத்தீவுகளின் நிலத்தில் நிலைபெற்று வாழும் பாம்பு இஃது ஒன்றே. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலும் 1970-களின் இறுதியில் இது தலைகாட்டிற்று. வாயிலில் காவலர் நிற்கப் பூந்தொட்டிக்குள் ஒளிந்து கோட்டைக்குள் புகுந்த வீரனைப் போன்றது இதன் வெற்றி.

ஆனால் ஒரு வினா எழுகிறது. ஒரு பூந்தொட்டியில் எத்தனை பாம்புகள் சென்றிருக்க முடியும்? பல சமயங்களில் ஒன்றே ஒன்றுதான் சென்றிருக்கும். தனியே சென்ற ஓர் உயிர் எவ்வாறு ஒரு குலத்தையே உண்டாக்கிற்று? இவ்வினாவுக்குரிய விடை வெளிப்பட, ரஸ்ஸலின் நூல் தோன்றி ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

அருங்காட்சியகங்களில் இந்தப் பாம்பின் உடல்கள் சாராயக் குப்பிகளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிடந்தன. அறிஞர்கள் அவற்றின் செதில்களை எண்ணினர், நீளத்தை அளந்தனர், நிறத்தைக் குறித்தனர். நியூகினி, சாலமன் தீவுகளின் பாம்புகளை ஆராய்ந்த மக்டவல் என்னும் அமெரிக்க அறிஞர், 1974-ஆம் ஆண்டில் ஒரு விந்தையைச் சுட்டிக் காட்டினார். அறுத்துப் பார்த்தவை யாவும் பெண்களாகவே இருந்தன, ஆண் எங்கே? ஆணில்லாமலே இந்த இனம் பெருகுகிறதோ என்னும் ஐயம் அப்பொழுது பிறந்தது. ரொனால்ட் நுஸ்பாம் என்பவர் செஷல்ஸ் தீவுகளின் புழுப்பாம்புகளை ஆராய்ந்து, 1980-ஆம் ஆண்டில் அந்த ஐயத்துக்கு மேலும் வலுவூட்டினார். அங்கும் ஆண் இல்லை.

1987-ஆம் ஆண்டில் வின், கோல், கார்ட்னர் என்னும் மூவர் இதன் உயிரணுக்களை நுண்பெருக்கியில் ஆராய்ந்தனர். பெரும்பாலான விலங்குகளின் உயிரணுவில் குரோமோசோம்கள், அதாவது நிறப்புரிகள், இரண்டு தொகுதிகளாக இருக்கும். ஒரு தொகுதி தாயிடமிருந்து வந்தது. மற்றொன்று தந்தையிடமிருந்து வந்தது. புழுப்பாம்பின் உயிரணுவிலோ மூன்று தொகுதிகள் காணப்பட்டன. தொகுதிக்குப் பதினான்காக, மொத்தம் 42. இவ்வாறு தொகுதி மிகுந்த உயிர்கள், வேறு வேறு மரபுகள் எப்பொழுதோ கலந்ததன் விளைவாகத் தோன்றுவதுண்டு. இந்தப் பாம்பும் அவ்வாறே தோன்றியிருக்கக் கூடும் என்பது அறிஞர் கருத்து.

ஆகவே, தாய் தனியே முட்டையிடுகிறாள். அம்முட்டையிலிருந்து மகளே பிறக்கிறாள். அவள் தன் தாயைப் போலவே இருக்கிறாள். வளர்ந்தபின் அவளும் தனியே முட்டையிடுகிறாள். இதனைக் கன்னி இனப்பெருக்கம் என்று உயிர் நூலார் கூறுவர். கூண்டில் தனித்து வளர்க்கப்பட்ட மலைப்பாம்பு முதலிய சில பாம்புகள் அருமையாக இவ்வாறு ஈன்றதுண்டு. ஆயினும் அது விதிவிலக்கு. ஆணே இல்லாமல், எக்காலமும் இவ்வழியிலேயே வாழ்வதாக நாம் அறிந்த பாம்பினம் புழுப்பாம்பு ஒன்றுதான். ஒரு முறைக்கு இரண்டு முதல் ஆறு வரை முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் ஓர் அரிசியை விடச் சற்றே பெரிதாக இருக்கும். ஒரு பூந்தொட்டியில் ஒரே ஒரு பாம்பு சென்றாலும் ஒரு நாடு முழுவதும் அதன் குலம் பரவியதன் மறைபொருள் இதுவே.

இதில் ஒரு குறையும் உண்டு. தாயும் மகளும் பேத்தியும் ஒரே அச்சில் வார்த்தவை போன்று இருந்தால், ஒருத்தியைத் தாக்கும் நோய் எல்லாரையும் தாக்கலாம். ஆணும் பெண்ணும் கூடிப் பிறக்கும் உயிர்களில் ஒவ்வொரு தலைமுறையும் சற்றே மாறுபடுகிறது. அம்மாறுபாடே அவற்றுக்குக் காப்பு. புழுப்பாம்பு அந்தக் காப்பை விட்டுக் கொடுத்து, விரைந்து குடியேறும் வல்லமையைப் பெற்றது. இயற்கை எதையும் விலையின்றித் தருவதில்லை.

இதன் உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எறும்பின் முட்டைகள், புழுக்கள், கூட்டுப்புழுக்கள், கறையான்கள் ஆகியவற்றை இது தேடித் தின்கிறது. 2015-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் இருவர் இது கறையானைத் தின்னும் முறையை வெளியிட்டனர். கறையானின் உடலை வாயில் பற்றிக் கொண்டு, அதன் தலையைத் தரையில் தேய்த்துத் தேய்த்து முறித்துவிட்டு, உடலை மட்டும் விழுங்குவதுண்டாம். தலையோடு விழுங்கியபோது, அந்தத் தலை செரிக்காமலே எச்சத்தோடு வெளிவந்ததையும் கண்டனர். பாம்பு தன் இரையை முழுதாகவே விழுங்கும் என்று படித்திருக்கிறோம். அந்த விதிக்கும் இந்தச் சிற்றுயிர் விலக்காக நிற்கிறது. நம் வீட்டு நிலைக்கதவையும் புத்தக அலமாரியையும் அரிக்கும் கறையானைத் தின்று தீர்க்கும் இதனை நாம் கல்லால் அடிக்கிறோம்!

இதற்குப் பகைவர் பலர். கோழி கொத்தும், தேரை விழுங்கும், பிற பாம்புகளும் உண்ணும். கிழக்குத் திமோர் நாட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று 2013-ஆம் ஆண்டில் ஆய்விதழில் வெளிவந்தது. நம் வீடுகளில் காணும் சாதாரணத் தேரை ஒன்று புழுப்பாம்பை விழுங்கியிருந்தது. அப்பாம்பு தேரையின் குடல் முழுவதையும் கடந்து, பின்புற வழியாக உயிருடன் வெளிவந்தது. வழவழப்பான, நெருங்கிய செதில்களும், சிறிதளவு காற்றைக் கொண்டே உயிர் தாங்கும் உடலமைப்பும் அதற்குத் துணை செய்திருக்கலாம். நம் புராணக் கதைகளில் வருவது போன்ற இந்நிகழ்ச்சி, ஆய்வாளர் கண்முன் நடந்த உண்மை.

குருட்டுப் பாம்புகளின் குலம் மிகத் தொன்மையானது. மற்றப் பாம்புகளிலிருந்து இவற்றின் மூதாதையர் பிரிந்து நூறு கோடி அன்று, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்று மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. தென் கண்டங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கோண்டுவானா என்னும் பெருநிலமாக இருந்த காலத்துடன் இவற்றின் கதை பின்னிக் கிடக்கிறது. அண்மை ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்களும் நம் நாட்டுக் குருட்டுப் பாம்புகளின் மரபணுக்களைச் சேகரித்து, அவற்றின் உறவு முறையை ஆராய்ந்துள்ளனர். புழுப்பாம்பின் நெருங்கிய சுற்றத்தார் தென்னாசியாவில் வாழ்வதால், இதன் தாயகமும் இப்பகுதியே என்று கருதுகின்றனர். ஆகவே, உலகெங்கும் குடியேறிய இந்த உயிர் நம் மண்ணின் மகள் என்று சொல்வதில் தவறில்லை.

இப்பொழுது என் பாட்டியின் அச்சத்திற்கு வருகிறேன். செவிப்பாம்பு என்னும் பெயரை நான் பழிக்கவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்த மக்கள், மழைநாளில் தலைமாட்டில் இதனைக் கண்டு அஞ்சியிருப்பர். அந்த அச்சமே பெயராக நின்றது. ஆனால் அறிவைக் கொண்டு ஆராய்வோம். காதின் துளை ஏறக்குறைய ஓர் அங்குல ஆழமுள்ளது. அதன் முடிவில் செவிப்பறை அடைத்து நிற்கிறது. அதற்கப்பால் மூளைக்குச் செல்லத் திறந்த வழி எதுவும் இல்லை. மூளையைத் தின்னும் பற்களும் இதற்கு இல்லை; இதன் பற்கள் மேல்தாடையில் மட்டுமே உள்ளன, அவையும் எறும்பு முட்டையை வாய்க்குள் இழுத்துக் கொள்ள அமைந்தவை. இது தேடுவது ஈர மண்ணும் எறும்புப் புற்றுமே அன்றி, மனிதனின் காது அன்று. பாட்டி பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை எனக்குச் சொன்னாள். என்மீது கொண்ட அன்பினாலேயே சொன்னாள். அன்பினால் சொல்லப்பட்டதாயினும், ஆராய்ந்து பார்க்கும் கடமை எனக்கு இருந்தது. கல்லை எடுத்த என் கை, அக்கடமையை நினைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். சிறிய பாம்பெல்லாம் புழுப்பாம்பு அன்று. நல்ல பாம்பின் குட்டியும் விரியனின் குட்டியும் நஞ்சுடையவை. பாம்பு எதுவென்று ஐயமின்றித் தெரியாதபோது அதனைக் கையால் தொடலாகாது, அடிக்கவும் முற்படலாகாது. விலகி நின்று பார்த்து, விவரம் அறிந்தவரை அழைப்பதே முறை. ரஸ்ஸல் தேடியதும் இந்தப் பகுத்தறிவைத்தான்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்தறியும் அறிவு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், என் பேரன் துளசித் தொட்டியைக் கிளறிக் கொண்டிருந்தவன், "தாத்தா, மண்புழு நாக்கை நீட்டுகிறது!" என்று கூவினான். ஓடிச் சென்று பார்த்தேன். கரிய மின்னும் நூல் ஒன்று, இரண்டு மங்கிய புள்ளிகள், மழுங்கிய வால். அருகில் அதன் குட்டி ஒன்றும் நெளிந்து கொண்டிருந்தது. அது மெல்லிய ஊசியைப் போலிருந்தது. பேரனை உட்கார வைத்து, விசாகப்பட்டினத்தையும், பாரிஸ் நகரத்து நோயாளி இளைஞரையும், ஹவாய்த் தீவுகளையும் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டபின் அவன், "அப்படியானால் இதற்கு அப்பாவே இல்லையா, தாத்தா?" என்று வினவினான். இல்லை என்றேன். சிறிது நேரம் சிந்தித்தவன், "அம்மாவை அடித்துவிட்டால் குட்டிக்கு யாருமே இல்லை" என்றான். பாம்புகள் பிறந்த நாளிலிருந்தே தனித்து வாழ வல்லவை என்பதை அவனுக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் அன்று எனக்கு அதனைச் சொல்ல வாய் எழவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் கிணற்றடியில் கிடந்த கருங்கல்லே என் நினைவுக்கு வந்தது.

இருவருமாக ஒரு கொட்டாங்கச்சியில் சிறிது மண்ணை இட்டு, அவ்விரண்டையும் அதிலேற்றிக் கொல்லைப்புற வாழையடியில் கொண்டு போய் விட்டோம். கணப்பொழுதில் அவை மண்ணுக்குள் மறைந்தன.

மாணவ நண்பர்களே, மண்புழுவைப் பற்றி டார்வின் தம் முதுமையில், 1881-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். புழுப்பாம்பைப் பற்றி எழுத வேண்டுவன இன்னும் மிகுதியாக உள்ளன. அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை, பெருஞ்செல்வமும் வேண்டியதில்லை. அடுத்த மழை ஓய்ந்ததும் உங்கள் வீட்டு முற்றத்தை உற்று நோக்குங்கள். கண்டதைக் கண்டவாறு ஒரு குறிப்பேட்டில் நாளும் இடமும் இட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஊரில் அதனை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும், அப்பெயரைச் சொன்னவர் யார் என்பதையும் மறவாமல் குறித்துக் கொள்ளுங்கள்.